இணையம் ஏறிய சிறுநீரகம்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்க இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போதே, இருபத்தோராம் நூற்றாண்டு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. வேறெதுவும் இந்த ஊருக்கு இத்தனை முன்கூட்டி வந்ததாகத் தகவல் இல்லை. அது வந்து இறங்கிய இடம் டாக்டர் கிருபைராஜின் சிறுநீரக மருத்துவமனை.

உறவினருக்குச் சிறுநீரகம் கொடுக்க வருபவரை அதுவரை இன்பமணி என்ற ஆலோசகர் தனியறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் பேசுவார். அந்தப் பின்தங்கிய வழக்கம் ஒழிந்தது. அவர் பேசியதெல்லாம் 'வலைத்தளம்' ஆனது. "இனி வீட்டிலிருந்தபடியே படிக்கலாம்!" என்று திறப்பு விழாவில் டாக்டர் முழங்கினார். யார் வீட்டிலும் கணினி இல்லாததால், வீட்டிலிருந்தபடியே படிக்க எல்லோரும் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வந்தார்கள். இன்பமணியின் அறையிலேயே கணினி வைக்கப்பட்டது. அனைவரும் கண்டுகளிக்கக் கதவு கழற்றப்பட்டது. இதற்கு 'வெளிப்படைத்தன்மை' என்று பெயர்.

கோமு ராதாபுரத்திலிருந்து வந்தாள். தம்பி சங்கருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அண்ணன் நாறும்பூநாதன்தான் முதலில் முன்வந்தவர். போன மாதம் சோதனையெல்லாம் முடிந்து, இன்பமணியின் அறைக்குள் போய் வந்த மறுநாள், 'பொருந்தவில்லை' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று அவர் அழுத அழுகையை ராதாபுரமே மெச்சியது. அடுத்தது கோமு. பொருந்திவிட்டது. அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று. வயிற்றைக் கிழிப்பார்களே என்று பயந்தாள். அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் அண்ணன், மதினி, சித்தப்பா. தமிழ் எழுத்துகள் திரையில் வெறும் கட்டங்களாக வந்ததால் ஆங்கிலப் பக்கத்தை அண்ணன் மொழிபெயர்த்தார்.

"தைரியமா இருக்கணும்னு போட்டிருக்கான்ட்டி."

"இருபது வரியும் அதுதானா அண்ணாச்சி?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் நீட்டுவான்."

"படத்துல மொச்சைக்கொட்டை கணக்கா எவ்வளவு லெச்சணமா இருக்கு!" என்றாள் மதினி. "ஒண்ணு போனா என்ன?"

இணைப்பு அறுந்தது. மோடம் மறுபடி கூவத் தொடங்கியது. குடும்பமே அதைச் சுற்றி நின்று வியந்தது. 'இணைய உதவியாளர்' ஆகிவிட்ட இன்பமணி மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, முன்னால கதவைச் சாத்திட்டு என்ன கேப்பிய?" என்று கோமு அவரிடம் கேட்டாள்.

இன்பமணி குரலைத் தாழ்த்தினார். "கொடுக்க இஷ்டமான்னு கேப்பேன். இல்லைன்னா, பொருந்தலைன்னு டாக்டரே வீட்டாள்ககிட்ட சொல்லிருவாவ. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கோமு அண்ணனின் முதுகைப் பார்த்தாள்.

"இந்தத் தளத்துல அது எங்கன இருக்கு?"

"அதை எப்படிம்மா போட? எல்லாரும் படிச்சிருவாங்கல்லா."

இணைப்பு வந்தது. கடைசிக் கேள்வி. டாக்டரே நேரில் வந்து நின்றார்.

"பாருங்க, ஒரு மணி நேர வேலை பதினோரு நிமிஷத்துல முடிஞ்சிட்டு!"

"முழு மனசோட சம்மதமான்னு கேக்கான்" என்றார் அண்ணன். "அமுக்குட்டி. இல்ல, விடு, நானே அமுக்குதேன்."

"அவளைக் கேக்கணுமாக்கும்? தங்கமான பிள்ளைல்லா!" என்றார் சித்தப்பா.

பக்கத்து அறையில் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த சங்கருக்கும் இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. வெளிப்படைத்தன்மை அவ்வளவு தூரம் வேலை செய்தது.

கோமு மவுஸின் மேலிருந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் பொருந்தாம இல்ல. இஷ்டமில்லைன்னு இதே ரூம்ல கதவைச் சாத்திட்டுச் சொன்னிய. எனக்குச் சாத்திக்கிடக் கதவு இல்ல. அதனால எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லுதேன். எனக்கும் இஷ்டமில்ல."