கோட்டுக்கு வெளியே ஒரு விமானம்

கோடு போடுகிறவர்கள் என்றொரு இனம் இருக்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டைப் பெருக்கி, குப்பையை வாசற்படிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, 'வீடு சுத்தம்' என்று கையைத் தட்டிக்கொள்கிறவரைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அவர் இந்த இனத்தின் சாதாரண உறுப்பினர். அதே காரியத்தை வரைபடம், சிவப்புப் பென்சில், இருநூறு பக்க அறிக்கை சகிதம் செய்தால் அவருக்குச் சுற்றுச்சூழல் ஆலோசகர் என்று பெயர்.

அவர்களில் ஒருவர்தான் நம் கோட்டு சார். அவர் கோட்டு அணிந்து யாரும் பார்த்ததில்லை. வரைபடத்தில் கோடு போட்டுப் போட்டே விமான நிலையத்து ஊழியர்களிடம் சம்பாதித்த பெயர் அது. விமான நிலையத்தால் காற்று எவ்வளவு கெடுகிறது, பூமியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்று மதிப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. இன்னொரு ஓடுதளம் போடலாமா கூடாதா என்பது அவர் சொல்லப்போகும் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த விமானங்கள என்ன சார் பண்றது?" என்று நிலைய மேலாளர் கையைப் பிசைந்தார்.

"விமானம் யாரோடது?"

"விமானக் கம்பெனியோடது."

"அப்ப புகையும் அவங்களோடது. நமக்கென்ன வந்தது?"

"வாசல்ல வர்ற டாக்சி, பஸ்?"

"அது ரோட்டோட புகை சார். உள்ள வந்ததும் இன்ஜின நிறுத்திடறாங்கல்ல?"

மேலாளர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இப்படியாக ஏறுகிற விமானம், இறங்குகிற விமானம், ஏறுவதற்காக வரிசையில் நின்று உறுமுகிற விமானம், அதற்கு எரிபொருள் ஊற்ற வரும் லாரி, பெட்டிகளை இழுக்கும் வண்டி என ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், சிவப்புக் கோட்டுக்குள் மிஞ்சியவை மூன்று: ஒரு ஜெனரேட்டர், கேண்டீன் அடுப்பு, தோட்டக்காரரின் புல் வெட்டும் மெஷின். விமான நிலையத்தில் விமானத்தை மட்டும் காணாமல் அடிக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

கோட்டு சாரின் மனைவி ஓர் ஆசிரியை. புது ஓடுதளம் வரவிருந்த சுற்றுச்சுவரை ஒட்டித்தான் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். அவர்களுடைய ஒரே மகளும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் இரண்டு விமானம் போய்விடும். ஆசிரியையின் மேஜை டிராயரில், சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில், மூச்சுத் திணறினால் வாயில் வைத்து இழுக்கும் மருந்துகள் அடுக்கியிருக்கும். எந்தப் பிள்ளையுடையது எது என்று அவரே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

"ஏங்க, காத்த அளக்குற அந்த மெஷின ஒரே ஒரு வாரம் எங்க ஸ்கூல் மாடியில வைங்களேன். பதினோரு பிள்ளைங்க இழுப்போட வருதுங்க."

"ஸ்கூல் கோட்டுக்கு வெளிய இருக்கும்மா."

"கோடு போட்டது யாரு?"

"நான்தான். ஆனா போட்டப்புறம் மாத்தக் கூடாது. அதுதான் முறை."

"உங்க கோடு காத்துக்குத் தெரியுமா?"

"காத்து ஒண்ணும் அறிக்கை எழுதறதில்லையே" என்று சொல்லிவிட்டுச் சார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

காற்றை அளக்கும் மெஷினை அவர் நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால் ரோஜாச் செடிகளுக்கு நடுவே வைத்தார். காற்று அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஓடுதளத்துக்குப் போகும். அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகும். மூன்று நாள் எண்கள் அமைதியாக இருந்தன. நான்காம் நாள் காலை ஒரேயடியாக எகிறின. மேலாளர் மூச்சு வாங்க ஓடிவந்து பார்த்தால், தோட்டக்காரர் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"பெரிய மெஷினாச்சே சார், சுத்திப் புல்லு மண்டிக் கெடந்தா மரியாதையா இருக்காதேன்னுதான்..."

வேறொருவராக இருந்தால் அந்த ஒரு மணி நேர எண்களைத் தூக்கி எறிந்திருப்பார். நம் ஆள் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். 'இந்த நிலையத்தின் காற்று மாசுக்கு முதன்மைக் காரணம் புல் வெட்டும் இயந்திரம்' என்று அறிக்கையில் எழுதினார். புல் வெட்டும் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு தோட்டக்காரர் கையில் பெரிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் விமானங்கள் புகை கக்கிக்கொண்டு போக, ஐம்பத்தெட்டு வயதில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூமியைக் காப்பாற்ற ஆரம்பித்தார். புது ஓடுதளத்துக்கு அனுமதி கிடைத்தது.

அன்று சாயங்காலம் கோட்டு சார் மேலாளர் கொடுத்த பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயில் அந்த மருந்து. அதன்மேல் அம்மா கையெழுத்தில் அவள் பெயர்.

"இது எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா. இதுவரைக்கும் ஸ்கூல்லதான் இழுத்தது. இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பதினோரு பிள்ளைங்கன்னு சொன்னேனே. யார் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சார் பூங்கொத்தைப் போட்டுவிட்டு மகளை வாரி எடுத்துக்கொண்டார். பாவம், அந்தப் பதற்றம் உண்மையானது. கெட்ட மனுஷன் இல்லை அவர். இந்த இனத்தில் யாருமே கெட்டவர்கள் இல்லை. சாப்பிடாமல் எழுந்து போய் வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். கோட்டைத் திருத்தப் போகிறார் என்று மனைவிக்குக் கண் கலங்கியது. காற்று வீசும் திசை, விமானம் ஏறும் பாதை, புகை போய்ச் சேரும் தூரம் என்று ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இத்தனை நேர்மையாக அவர் எதையும் அளந்ததில்லை. கடைசியில், ஊரின் மறுகோடியில், புகை எட்டவே எட்டாத ஓர் இடத்தில் வட்டம் போட்டார்.

அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. திங்கட்கிழமை மகளை அதில் சேர்த்துவிட்டார்.

ஆசிரியை மட்டும் பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்வருகிறார். டிராயரில் இப்போது பத்து மருந்துதான் இருக்கிறது. மெஷினே வைக்காமல் ஒன்று குறைந்திருக்கிறது என்று கோட்டு சார் அடுத்த அறிக்கையில் எழுதினாலும் எழுதுவார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, நம் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு தடவை அளந்து பார்த்து, 'அப்பாடா' என்றீர்களே, கேட்டது. கையிலிருக்கும் அந்தச் சிவப்புப் பென்சிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.