முக்கால் மணி நேரச் சத்தம்

பிள்ளையார்பாளையத்தில் சபாபதியைப் போல மூளைக்காரர் கிடையாது. இதைச் சொன்னவர் சபாபதி. வேறு யாரும் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரம் அவருக்கு ஒரு சங்கடம். புதன்கிழமை மூணு மணிக்குப் படிப்பகத்தில் கேரம் போட்டி, கடைசி ஆட்டம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்யாணப் புடவை தறியை விட்டு இறங்கியாக வேண்டும். மனைவி ஏலவார்குழலி சட்டம் போட்டுவிட்டாள்.

"புடவை முடியற வரிக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. தறிச் சத்தம் நின்னா அடுப்படிலேருந்தே எனக்குத் தெரிஞ்சிடும்."

"தண்ணி குடிக்க நிறுத்தினா?"

"சொம்பு பக்கத்துலயே இருக்குது."

"கொல்லைக்குப் போனா?"

"எண்ணிக்கினு இருப்பேன்."

சபாபதி அசரவில்லை. படிப்பகத்துப் பத்திரிகையில் ஒரு டாக்டர் எழுதியதைப் படித்திருந்தார். கூட்டாளி தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் காதைக் கடித்தார்.

"மூளை இருக்குதே, தெனம் கேக்குற சத்தத்த அது காதுல வாங்காதுபா. நின்னாத்தான் முழிச்சிக்கும். டாக்டரே எழுதிக்கிறாரு."

"அதுக்கு இன்னான்ற?"

"உன் மச்சான் சிங்கப்பூர்லேருந்து கொணாந்த டேப் ரிக்கார்டரக் குடு. சத்தம் வூட்ல இருக்கும். நான் படிப்பகத்துல இருப்பேன்."

செவ்வாய்க்கிழமை குழலி ரேஷன் கடைக்குப் போனாள். சபாபதி கேசட்டைப் போட்டுத் தறியில் உட்கார்ந்தார். தறியின் நாடா இழையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட ஓட டக்கு டக்கு என்று பதிவாயிற்று. ஒரு சாண் நெய்ததும் தறியை நிறுத்தி எழுந்து, நெய்த துணியைத் தறியின் உருட்டு மரத்தில் சுற்ற வேண்டும் அல்லவா? அப்போதெல்லாம் ஞாபகமாக ரிக்கார்டரை நிறுத்தினார், சுற்றி முடித்துவிட்டு மறுபடி ஓட விட்டார். சத்தம் நடுவில் நின்றால் குழலியின் மூளை முழித்துக்கொள்ளுமே! ஒரு சின்ன இடைவெளி கூட இல்லாமல் முக்கால் மணி நேரத்துக்குச் சுத்தமான தறிச் சத்தம். அவர் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

பயமும் இருந்தது. மாட்டினால் குழலி ஒரு வாரம் பேசமாட்டாள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்துப் பேசுவாளே, அதைத்தான் தாங்க முடியாது.

புதன்கிழமை ரிக்கார்டரைத் தறிக்குக் கீழே கால் மிதிக்கும் குழியில் வைத்து முடுக்கிவிட்டு ஒரே ஓட்டம். சிவப்புக் காயைப் போட்டார், ஆட்டத்தை ஜெயித்தார், கேசட் தீருவதற்குள் திரும்பி வந்து குழியில் குதித்தார். ரிக்கார்டரைப் பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சாயங்காலம் குழலி தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னிக்கு இன்னாமா நெய்ஞ்சீங்க! மூச்சு விடாம!"

சபாபதி அடக்கமாகச் சிரித்தார். டாக்டர் வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கும் வடை சுடறேன். நடுவுல எழுந்து வந்து சட்டிய எட்டிப் பாத்தீங்கன்னா ஒண்ணு கூடக் கிடையாது!"

எண்ணெய் சொய்ங் என்றது. கரண்டி சட்டியில் உரசியது. சபாபதியின் வாயில் குளம் கட்டியது. இது முதல் ஈடு, இது ரெண்டாவது ஈடு என்று காதாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு நாடாவை விரட்டினார். வாசனை வரவில்லையே என்று மூக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. மூளை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வேகமாக அவர் நெய்ததே கிடையாது. புடவையும் முடிந்தது.

"குழலி, எடுத்துக்கினு வாம்மா!"

பதில் இல்லை. எண்ணெய் மட்டும் சொய்ங் என்றது. எழுந்து போய்ப் பார்த்தார். அடுப்பு சில்லென்று கிடந்தது. அதன் மேல் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுச் சுட்ட வடையின் சத்தம்! அவர் பதிவு செய்த தறியை அழித்துவிட்டு அதன் மேலேயே வடை சுட்டிருக்கிறாள், பாவி மகள்!

எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. குழலியின் குரல் பேசியது.

"இன்னாங்க, புடவை முடிஞ்சுதா? நேத்து முக்கா மணி நேரம் ஒரு தபா கூடத் துணி சுத்தாம நெய்ஞ்சீங்களே, அவ்ளோ துணியும் எங்க போச்சி, வாலாஜாபாத்துக்கா? பதினெட்டு வருசமா இந்தத் தறிச் சத்தத்தக் கேக்குறேன். எங்க அடிக்கும், எங்க நிக்கும்னு தூக்கத்துல கூடச் சொல்லுவேன். நிக்க வேண்டிய எடத்துல நிக்கல, அப்பவே முழிச்சிக்கினேன்."

சபாபதி அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானும் பக்கத்து வூட்டு அம்சாவும் மேட்னிக்குப் போறோம். பசிச்சா கேசட்டத் திருப்பிப் போடுங்க. அந்தப் பக்கம் சாம்பார் கொதிக்குது."