நாலாவது சேனல்

"மாமா, 'டம்'முனு வரணும். இது 'தொம்'முனு வருது!" மேடையிலிருந்து மச்சினன் கத்தினான்.

அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸர் முன் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர், நாலாவது சேனலில் கனத்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் லோ குமிழை இடப்பக்கம் திருகினார். மச்சினனின் பேஸ் கிடார் முதலில் அவன் பக்கத்திலிருக்கும் ஆம்ப் பெட்டியில் ஒலிக்கும். பெட்டியிலிருந்து ஒரு வயர் மிக்ஸரின் நாலாவது சேனலுக்கு வரும். இவர் இங்கே பதம் பார்த்து அனுப்புவது பெரிய ஸ்பீக்கர்களில் முழங்கும். இருபத்திரண்டு வருஷமாக இதே ஏற்பாடுதான்.

திருகியாயிற்று. அவர் காதுக்கு ஒன்றும் மாறவில்லை.

"இப்ப?"

"இப்ப சோகை பிடிச்ச மாதிரி இருக்கு மாமா."

காலையில்தான் மனைவி, "மூணு தடவை கூப்பிட்டாச்சு. காதை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

நாலாவது சேனலில் ஒலி வருகிறதா என்று காட்டும் சின்ன விளக்கு அணைந்து ஒரு வருஷம் ஆகிறது. மாற்றித் தருகிறேன் என்று அரங்க மேனேஜர் சொன்னபோது, "காது இருக்கையில விளக்கு எதுக்கு சார்?" என்று வீறாப்பு பேசியவரும் இவர்தான்.

அந்த மேனேஜர் இப்போது பின்னால் வந்து நின்றார். இன்னொரு புகார் வந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று திங்கட்கிழமை சொன்னவர்.

"நெஞ்சுல வந்து இடிக்க வேணாமா? கூட்டுய்யா!"

கூட்டினார்.

"ஐயோ, பல்லெல்லாம் ஆடுது! குறை!"

குறைத்தார்.

"இப்ப கொசு மாதிரி கேக்குது மாமா!"

நடுக் குமிழை ஏற்றினார்.

"தகர டப்பா" என்றார் மேனேஜர்.

மேல் குமிழை இறக்கினார்.

"கம்பளிக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான் மச்சினன்.

இத்தனைக்கும் அவர் காதில் விழுந்தது அதே ஒற்றைத் 'தொம்'தான். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகிப் பார்த்தார். தொம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொம். காதைக் குடைந்துவிட்டுக் கேட்டார். அப்போதும் தொம்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. நான் திருகறப்பல்லாம் உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?"

"என்னய்யா கேள்வி இது? கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"தெரியுதே மாமா! நல்லாவே தெரியுதே!"

சவுண்டுக்காரர் கையைக் குமிழிலிருந்து எடுத்தார். இரண்டு பேர் கேட்கிறார்கள், அவருக்குக் கேட்கவில்லை. இனி இதில் ஆராய என்ன இருக்கிறது? பாட்டு வரிசை எழுதியிருந்த தாளைத் திருப்பிப் போட்டு, தேதி, மணி எல்லாம் ஒழுங்காகக் குறித்து எழுதினார்: 'ஐயா, என் செவி முன்போல் இல்லாதபடியால் இன்றோடு விலகிக்கொள்கிறேன்.'

மேனேஜர் படித்தார். ஒரு பேச்சுக்காவது "வேண்டாம்" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்த சவுண்டுக்காரரின் கண் முன்னாலேயே போனை எடுத்தார். "தம்பி, உடனே கிளம்பி வா. ஆமா, இனிமே நீதான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

சவுண்டுக்காரர் மெல்ல நடந்து மேடையேறினார்.

"அக்காகிட்ட இப்போ சொல்லிடாதேடா. நானே சொல்லிக்கிறேன்."

மச்சினன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "விடுங்க மாமா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

மேடையைத் துடைத்து முடித்த துப்புரவு அம்மா, ஆம்ப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வயர் நுனியைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, தண்ணி படக்கூடாதேன்னு, உங்ககிட்ட வர்ற வயரை நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கழட்டி வச்சேன், தரை காஞ்சிடுச்சு, இப்ப மாட்டிடலாமா?"