பிணத்துக்கு ஒரு எம்.சி.

என் நடிப்பைப் பார்த்து நிஜமாகவே அழுத ஒரே ரசிகர் என் முதலாளி காதர் அண்ணன். அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்காதவரும் அவர்தான்.

நண்பன் அந்தோணி பழைய காலத்துக் கொலை மர்மப் படம் ஒன்று எடுத்தான். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கொன்றது யார் என்பது கதை. கிராணி நான். (வசனம் கிடையாது. படம் தொடங்கும்போதே செத்திருப்பேன்.) லகாட் பக்கம் ஒரு பாழடைந்த வீடு, யாருடைய கல்யாணக் கோட்டோ ஒன்று, இரவல் சவப்பெட்டி. பெட்டியை மதியத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கு அசல் ஆள் ஒருவர் காத்திருந்தாராம்!

எனக்கு ஈப்போவில் காதர் அண்ணனின் துணிக்கடையில் வேலை. பீடோரில் திறக்கப்போகும் புதுக் கடையை என் பொறுப்பில் விடுவார் என்று பேச்சு. அந்தச் சமயத்தில் படத்துக்கு லீவு கேட்க முடியுமா? டாக்டரிடம் காய்ச்சல் என்று முனகிக்காட்டி இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்கினேன். (என் சிறந்த நடிப்பு அதுதான்.)

அந்தோணி சும்மா இருந்தானா? நான் பெட்டியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். நடிக்க வருபவர்களுக்காக இடத்தையும் போட்டான்; படப்பிடிப்பு என்று மட்டும் போடவில்லை. கடையில் யாரோ அதை அண்ணனிடம் காட்டிவிட்டார்கள்.

கேமரா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மறைவாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் சுமாராக அழுதார்கள். திடீரென்று ஓர் அழுகை மட்டும் அசலாகக் கேட்டது.

"ஐயோ, நேத்து காய்ச்சல்னுதானேடா சொன்ன! இப்படிப் போயிட்டியே!"

காதர் அண்ணன்! எழுந்தால் வேலை போகும். எழாவிட்டால் புதைத்துவிட்டுத்தான் போவார். அந்தோணியோ இலவசமாக நல்ல நடிகர் கிடைத்தார் என்று 'கட்' சொல்லவே இல்லை, பாவி!

"தங்கமான பையன் லா," என்று அண்ணன் தேம்பினார். "இவனுக்குக் குடுக்க பீடோர் கடைச் சாவி கூட என் பாக்கெட்லதான் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு பொய் எம்.சி. எடுத்திருப்பானா?"

அதற்குமேல் தாங்கவில்லை. சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வயிறு குலுங்கியது. பெட்டியும் குலுங்கியது. கண்ணைத் திறந்தால், மலர்வளையத்தோடு அண்ணன் சிலையாக நிற்கிறார்.

"வாங்கண்ணே," என்றேன். (வேறென்ன சொல்வது?)

அண்ணன் அடித்த அடியில் அந்த மலர்வளையம் என் தலையிலேயே உதிர்ந்தது. பீடோர் சாவி கேஷியர் அக்காவுக்குப் போனது. வேலை மட்டும் எப்படியோ பிழைத்தது.

இப்போதும் உடம்பு சரியில்லை என்று போன் செய்தால் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"எம்.சி.லாம் வேணாம். நேர்ல வந்து முனகு. செத்தாலும் கடைக்கு வந்து காட்டிட்டு அப்புறம் போலாம் லா!"