பதினெட்டு வயசு டயர்

கருவன்னூர்ப் பாலம் தாண்டியதும் பின்பக்கம் ‘டமார்’ என்றது. காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று லோனப்பனுக்கு ஆசை. ஆனால் வண்டி நொண்டியது.

“இந்தப் பழைய டயர்ல கிளம்ப வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்றாள் ரோசிலி, பின் சீட்டிலிருந்து.

“சும்மா இரு. கல்லு குத்தியிருக்கும்.”

மகள் ஜிஸ்னா ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். திருச்சூரில் டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. ஒன்றரைக்குக் கதவைச் சாத்திவிட்டால் மாதாவே வந்து தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.

லோனப்பன் ஷார்ஜாவுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. திரும்பும்போது வெள்ளை அம்பாசிடரைச் செங்கல் மேல் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, “ஒருத்தரும் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவார்.

டயர்கள் ஜிஸ்னா பிறந்த அன்று வாங்கியவை என்று பெருமையாகச் சொல்வார். பக்கவாட்டு ரப்பரில் பித்தவெடிப்பு மாதிரிக் கீறல்கள். யாராவது சுட்டிக்காட்டினால், “ரோட்டுல படற பட்டனைப் பாரு, தேயவே இல்ல! ஓடினாத்தானே தேயும்?” என்பார்.

அவர் ஸ்டெப்னியை மாட்டினார். அதுவும் அதே வயசு. “இது தரையே தொடாத டயர், மோளே. பயப்படாதே.”

தரையைத் தொட்ட மூன்றாவது கிலோமீட்டரில் அதுவும் வெடித்தது.

“ஈசோவே! அப்பச்சா, மணி பன்னிரண்டரை!” ஜிஸ்னாவுக்கு அழுகை வந்துவிட்டது.

ரோசிலி டயர்க்கடை சைதலவிக்குப் போன் போட்டாள். அவன் வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல், வெயிலுக்கு ரப்பர் சூடாகியிருக்கும், கொஞ்சம் காற்றை இறக்கினால் ஆசுவாசமாக இருக்கும் என்று லோனப்பன் முன் டயரின் காற்றடைக்கும் வாய்க்குள் தீக்குச்சியை விட்டார். வாய் கையோடு வந்தது. காற்று மொத்தமும் போனது. அம்பாசிடர் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தது.

சைதலவி ஜீப்பில் வந்து இறங்கி, தலையில் கை வைத்தான். “லோனப்பேட்டா, ரப்பருக்கும் வயசாகும். நின்னாலும் ஆகும், ஓடினாலும் ஆகும். புதுசு நாலு கொண்டாந்து இறக்கிட்டேன், மாத்திடலாமா?”

“மாத்தறதாவது! ஒட்டுப் போடு.”

“அப்பச்சா, பரிட்சையா டயரா?” என்று கத்தினாள் ஜிஸ்னா.

லோனப்பன் டயரைத் தடவினார். ஜிஸ்னா பிறந்து, கூர்க்கஞ்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு நல்ல மழை. பின் சீட்டில் ரோசிலி, மடியில் துணிமூட்டை அளவுக்கு ஜிஸ்னா. வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். எட்டாம் நாள் விமானம். அப்புறம் முதல் பல், முதல் நடை, சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய ஆதிகுர்பானை எல்லாமே போனில் கேட்டதுதான். அவளுக்கு அப்பாவாகக் கூடவே இருந்த நாள் அந்த ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றும். அந்த நாள் உருண்டு வந்தது இதன் மேல்தான். எப்படித் தூக்கி எறிவது?

“நம்ம மூணு பேரும் வந்த டயர், ரோசிலி,” என்றார்.

ரோசிலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சைதலவியிடம் கையை நீட்டினாள். அவன் ஜீப் சாவியைத் தூக்கிப் போட்டான். எட்டிப் பிடித்தவள், சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஜிஸ்னா பக்கத்தில் தாவினாள். ஜீப் ஒரே வளைவில் திரும்பி, எதிரே வந்த பஸ்ஸை ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுத் திருச்சூர்ப் பக்கம் பறந்தது.

லோனப்பன் வாயைப் பிளந்தார். “எடா சைதலவி! அவ... அவ எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா?”

சைதலவி ஜாக்கியை வைத்தபடி சொன்னான்: “பின்னே, வருஷத்துல பதினோரு மாசமும் மோளை இந்த அம்பாசிடர்லயே பள்ளிக்கூடத்துக்கு யாரு கொண்டுபோய் விட்டதுன்னு நினைச்சீங்க, லோனப்பேட்டா? இந்த டயரே மூணாவது செட்டு. புதுசு போட்டா உங்க மனசு தாங்காதுன்னு, ஒவ்வொரு தடவையும் பட்டன் தேயாம கீறல் மட்டும் விழுந்த பழசாப் பார்த்துத் தேடிப் போடச் சொன்னதே சேச்சிதான்!”