லயத்துச் சுவரில் கண்ணாடி ஒட்டியவர்

இந்த உலகத்தில் மனிதரை விட்டுவிட்டு முதலில் சுவரிடம் நலம் விசாரித்த ஒரே பிறவி எங்கள் புரொபசர்தான். வீட்டுக்குள் நுழைவார். அம்மா, "வாங்க சார்" என்பாள். அவர் அம்மாவைத் தாண்டிப் போய், சுவரில் காதை வைத்து, விரலால் மூன்று தட்டுத் தட்டி, "ம்... பரவாயில்ல" என்பார். அதற்கப்புறம்தான் திரும்பி, "நீங்க எப்படிங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்பார். காய்ச்சலில் கிடந்த எங்கள் கங்காணியிடம், "சுவருக்கு இருக்கிற தெம்புகூட ஒங்களுக்கு இல்லீங்களே" என்று ஆறுதல் சொன்ன மகான் அவர்.

ஓர் உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் புரொபசர் இல்லை. கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கு மகனாகப் பிறந்து, கெம்பஸ் போய்ப் படித்து, அங்கேயே விரிவுரையாளராகவும் ஆனவர். கட்டடம் ஏன் நிற்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது விழும் என்று கணக்குப் போடுகிற கட்டமைப்புப் பொறிமுறை அவருடைய பாடம். அதில் பேராசிரியர் ஆகிவிட வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. கல்யாணத்தைக்கூட அதற்கப்புறம் என்று தள்ளிப்போட்டார். கெம்பஸ் கொடுக்காத பட்டத்தை எங்கள் தோட்டம் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பலாங்கொடைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூட இருந்த விரிவுரையாளர்கள் பாலம், அணைக்கட்டு என்று ஆராய்ந்துகொண்டிருக்க, இவர் பிடித்துக்கொண்டது வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எங்கள் லயத்தை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலும் சுவர் வெடிப்பின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டி, மேலே சிவப்பு மையால் திகதி எழுதினார்.

"இது என்னாத்துக்கு சார்?" என்றாள் அம்மா.

"சுவர் கொஞ்சம் அசைஞ்சாலும் கண்ணாடி ஒடஞ்சிரும்மா. ஒடயலன்னா சுவர் நல்லா இருக்குன்னு அர்த்தம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பேன். பத்திரமாப் பாத்துக்கங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அந்த மனிதர் சொல்லாமல் இருந்திருக்கலாம். படித்தவர் ஒருவர் நம்பி ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் எங்கள் ஆட்கள் அதை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

அது யுத்த காலம். அளவு நாடாவும் சாந்துப் பொட்டலமும் பை நிறையக் கண்ணாடியும் சுமந்துகொண்டு ஒரு தமிழன் தோட்டம் தோட்டமாகத் திரிந்தால் சும்மா விடுவார்களா? வழியில் ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்தில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். "மொகத மே?" இது என்ன என்று சார்ஜன்ட் கண்ணாடித் துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டாராம். புரொபசரோ சார்ஜன்ட்டின் தலைக்கு மேலே இருந்த வெடிப்பைப் பார்த்துப் பதறிப்போய், நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லி, சிங்களத்தில் ஒரு மணி நேரம் விரிவுரை நடத்தி, அங்கேயும் ஒரு கண்ணாடியை ஒட்டிவிட்டுத்தான் வந்தார். பொலிஸ் கண்ணாடி ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை உடைந்தது. "பாத்தீங்களா? நம்ம லயத்துச் சுவர் பொலிஸ் சுவரவிட உறுதி!" என்று அவர் பூரித்துப் போனார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டுக் கண்ணாடி ஆறாவது மாதமே உடைந்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் நான் கலண்டர் மாட்ட ஆணி அடித்திருந்தேன். தோட்டப் பாடசாலையில் வாத்தியார் வேலை பார்க்கிறவன் என்றுகூடப் பார்க்காமல் அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"அடப் பாவி! சார் நம்பிக் குடுத்துட்டுப் போனத ஒடச்சிப்புட்டியேடா! அவரு மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

பலாங்கொடையில் படச்சட்டம் போடுகிற கடைக்கு ஓடினேன். அதே அளவில் கண்ணாடி வெட்டி வாங்கி ஒட்டி, அதே பழைய திகதியைச் சிவப்பு மையால் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதுதான் வினை.

அடுத்த மாதம் செல்லம்மா அக்கா முந்தானைக்குள் புதுக் கண்ணாடித் துண்டு ஒன்றை மறைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, யாருக்கிட்டயும் மூச்சு விட்றாத. கதவ ஓங்கிச் சாத்திட்டேன், பழசு போச்சு. அந்தத் திகதிய மட்டும் இதுல எழுதிக் குடுப்பா." எழுதிக் கொடுத்தேன். அப்புறம் கங்காணி வந்தார். அவர் வீட்டில் சேவல் பறந்து மோதிவிட்டதாம். கடைசிக் காம்பராவில் புருசன் பெண்சாதி சண்டை, தட்டு பறந்ததாம். ஒவ்வொருவரும் மற்ற வீட்டுக்குத் தெரியாமல் வந்தார்கள். எல்லாருக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். வெடிப்பை வருடா வருடம் பொங்கலுக்கு மண்ணால் அடைத்து வெள்ளையும் அடித்துவிடுவோம். படச்சட்டக் கடை முதலாளிகூட ஒருநாள் கேட்டார்: "மாஸ்டர், ஒங்க தோட்டத்துல எல்லா வீட்லயும் கண்ணாடி ஒடையுதே, ஏன்?" அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ஆணி, கதவு, சேவல், தட்டு என்று தனித்தனியாக நம்பினேன். இப்படி ஒரு மடையன் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தான்.

எட்டு வருடம் இப்படியே போனது. புரொபசர் வருவார், பார்ப்பார், "ஒடயல" என்று குறிப்பேட்டில் எழுதுவார். அவருக்கும் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. பழைய லயத்துச் சுவர்கள் அசையாமல் நிற்கின்றன என்று பெரிய ஆய்வுக் கட்டுரை எழுதினார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அச்சிலும் வந்துவிட்டது. பேராசிரியர் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட, லயத்துக்கே கேக் வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்தார். எல்லாரையும் வாசலில் கூட்டினார்.

"எட்டு வருஷம்! பன்னெண்டு வீட்ல ஒரு கண்ணாடி ஒடயல! இந்தப் பதவி கெடச்சா அது ஒங்களாலதான்."

யாரும் கேக்கை எடுக்கவில்லை. செல்லம்மா அக்கா தரையைப் பார்த்தார். கங்காணி வானத்தைப் பார்த்தார். எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. ஆணியும் இல்லை, சேவலும் இல்லை, சுவர்தான் அசைந்துகொண்டிருக்கிறது.

"சார்," என்றேன், "கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுது ஒடஞ்சிருச்சு. நாலு தடவ. நான்தான் மாத்தி ஒட்டினேன்."

"எங்க வீட்டுதும் சார்," என்றார் செல்லம்மா அக்கா. "எங்கதும்," என்றார் கங்காணி. பன்னிரண்டு வீடும் சொல்லி முடிக்கும் வரை புரொபசர் கேக் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தோம். அவர் குறிப்பேட்டை எடுத்து, எந்த வீட்டில், எந்த மாதம், எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அப்புறம் எழுந்து, நேராக மனேஜர் துரையிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"துரை, இன்னைக்கே ஆளுங்கள வெளியாக்கணும். மல எறங்குது, சுவர் விழப் போகுது."

துரை மேசையிலிருந்து சில தாள்களை எடுத்துக் காட்டினார். புரொபசரே பெருமையோடு கொண்டுவந்து கொடுத்திருந்த அவருடைய கட்டுரை. "மிஸ்டர், சுவர் நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இத வெச்சித்தான் புது வீடு வேணாம்னு கொழும்புக்குச் சொன்னேன். இது பொய்யின்னு எழுத்துல குடுங்க, ஆளுங்கள வெளிய அனுப்புறேன்."

நேர்முகப் பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. புரொபசர் என்னிடம் பேனா கேட்டார். கட்டுரை பிழை, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, ஒரு பிரதியைத் துரையிடம் கொடுத்து, ஒன்றைக் கெம்பஸுக்கும் இன்னொன்றைச் சஞ்சிகைக்கும் அனுப்பினார்.

சட்டி பானையோடு பாடசாலை மண்டபத்துக்குக் குடிபோனோம். மூன்றாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, லயம் மண்ணோடு போய்விட்டது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் போக, அந்நேரம் உள்ளே இருந்திருக்க வேண்டியவர்கள் கைப்பிள்ளைகளும் நோயாளிகளும் என் அம்மாவும். 

மறுநாள் புரொபசர் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவர் பக்கமே திரும்பாமல், மண்டபத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அந்த வேல கெடச்சிச்சா?"

"இல்லீங்கம்மா. எட்டு வருஷமா ஏமாந்தது தெரியலியான்னு கேட்டாங்க. தெரியலன்னேன். அவங்க கேட்டதும் ஞாயந்தானே?"

"நாங்கதான் சார் ஒங்க பொழப்பக் கெடுத்துட்டோம்."

"பத்திரமாப் பாத்துக்கங்கன்னு நான்தானேம்மா சொன்னேன்," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அதற்கப்புறம் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. விரிவுரையாளராகவே ஓய்வுபெற்று, பலாங்கொடையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். யுத்தம் முடிந்த வருடம், மாரடைப்பில் போய்விட்டார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் போய் அடக்கம் செய்தோம்.

சாமான்களை ஒதுக்க அவர் அறைக்குப் போனபோது கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. குறுக்கே கண்ணாடி. நடுவில் உடைந்திருந்தது. ஒட்டிய திகதிக்குக் கீழே, உடைந்த திகதியும் அவர் கையெழுத்தில் இருந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தம்பி, புதுசு ஒண்ணு ஒட்டிருவமா?"

"வேணாம்மா."

அம்மா முந்தானையால் அந்த உடைந்த கண்ணாடியின் தூசியைத் துடைத்தாள். வாசலில் நின்ற வீட்டுச் சொந்தக்காரரிடம் திரும்பி, அழுகையோடு, "மேக்கட அத தியன்ன எப்பா, மாத்தயா," என்றாள். இதில் கை வைக்க வேண்டாம் ஐயா என்று. புரொபசர் எங்களிடம் கேட்டதும் அவ்வளவுதானே.