நுரை சொன்ன வண்டி

ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருக்கும் எல் ஆல்டோ ஊர்ச் சந்தைக்கு வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை. மாஸ்டர் பிளாசிதோவின் பீர் பாட்டிலைப் பார்க்கிறார்கள். அவர் வண்டியின் பானெட்டுக்கு மேலே பாட்டிலைப் பிடித்து மூடியைத் திறப்பார். நுரை ஆளுயரத்துக்குப் பீறிட்டால் வண்டிக்கு உயிர் இருக்கிறது, வாங்கலாம். முனகிக்கொண்டு வழிந்தால் அது செத்த வண்டி, குடும்பத்தோடு பள்ளத்தில் இறக்கிவிடும். இஞ்சின் என்ன, கியர் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்டையே தேவையில்லை என்பதுதான் இதில் உள்ள பெரிய வசதி.

வண்டிக்குப் பீர் தெளிப்பது அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். வாங்கிய பிறகு மாலை போட்டு, வண்ணக் காகிதம் தூவி, வண்டிக்கு ஒரு ஞானத்தகப்பனையும் வைத்து, தெளித்தது போக மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். பிளாசிதோ செய்த புரட்சி ஒன்றே ஒன்றுதான். வாங்கிய பிறகு செய்ததை வாங்குவதற்கு முன்பே செய்ய வைத்தார். அந்த ஒரு மாற்றத்தில் மூன்று மாடி வீடு எழும்பிவிட்டது.

அன்றைக்கும் கூட்டம் நெரிந்தது. ஒருவர் கழுத்தில் கட்டோடு நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் சொல்லி வாங்கின வண்டிங்க. மூணு தடவை குப்புற அடிச்சிருச்சு. மூணு தடவையும் நான் பிழைச்சுக்கிட்டேன். எல்லாம் நுரையோட மகிமை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. நல்ல வண்டி எதற்கு மூன்று முறை குப்புற அடிக்கிறது என்று கேட்க ஒரு வாய் திறக்கவில்லை.

அந்தக் கூட்டத்தின் முதல் வரிசையில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றவர் சிப்ரியானோ. பள்ளத்தாக்கில் காப்பி விளைவிக்கிறவர். முட்டாள் அல்ல. காப்பிச் செடியில் நோய் வந்தால் இலையைத் திருப்பிப் பார்ப்பார், வேரைத் தோண்டிப் பார்ப்பார். யாரையும் நுரை பார்க்கச் சொல்ல மாட்டார். ஆனால் வண்டி விஷயத்தில் அவருக்குப் பயம் பிடித்திருந்தது, பயம் பிடித்தவனிடம் புத்தி அதிக நேரம் நிற்பதில்லை.

போன பிப்ரவரி மழையில் நடந்தது அது. அவருடைய பழைய சின்னக் கார் ஊர்ப் பாதையில், ஒரு வளைவின் சேற்று ஏற்றத்தில் மேலே போக மறுத்துப் பின்னால் வழுக்கியது. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். பிரேக்கை எவ்வளவு மிதித்தும் நிற்கவில்லை. "அப்பா, வண்டி ஏன் பின்னாடி போகுது?" என்று சின்னவள் கேட்டாள். பாதையோரத்துப் பாறை ஒன்று தடுத்திருக்காவிட்டால் பதில் சொல்ல அப்பா இருந்திருக்க மாட்டார், கேட்டவளும் இருந்திருக்க மாட்டாள். அன்றிலிருந்து அந்த வளைவு வந்தால் பிள்ளைகளை இறக்கி நடக்க வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்.

அவருக்கு இனி நாலு சக்கரமும் இழுக்கும் குடும்ப வண்டி வேண்டும். அவர் மனைவி பசிலியா ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியும் அவள்தான் அந்தப் பாதையில் கொண்டுபோக வேண்டும், பிரசவ வலி எடுத்தவளையும் அவள்தான். காரை விற்றாகிவிட்டது, சேர்த்ததெல்லாம் சேர்த்தாகிவிட்டது. இன்னொரு தடவை வாங்கிப் பார்க்க வழியில்லை.

பசிலியா எழுபது நாளாக மூன்று வண்டிகளை ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வெள்ளை, சிவப்பு, சாம்பல். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை சாண்? ஏற்றத்தில் ஊர்ந்து ஏறக் குறைந்த கியர் உண்டா? பின் இருக்கையை மடக்கினால் ஒருத்தியைப் படுக்க வைக்க முடியுமா? இப்படிப் பதினேழு கேள்வி. அந்தப் பாதையில் தினம் ஓடும் மினிபஸ் டிரைவர்கள் மூன்று பேரையும் பிடித்து உலுக்கியிருந்தாள். சிவப்புக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் சிலி எல்லையைத் தாண்ட வேண்டும், அதனால் அது போயிற்று. சாம்பல் ஒரு கால்நடை மருத்துவருடையது. பார்க்க அவலட்சணம், உள்ளே ஆட்டு வாடை. ஆனால் பதினாறு கேள்விக்கு நல்ல பதில். வெள்ளை, ரெமிஹியோ என்ற வியாபாரியுடையது. பளபளவென்று கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தது. "நாலு சக்கரமும் இழுக்குமா?" என்ற கேள்விக்கு நேரே பசிலியா எழுதியிருந்தது: "இழுக்கும் என்கிறார். ஓட்டிக் காட்டச் சொன்னால் வண்டி அழுக்காகிவிடும் என்கிறார்."

"சேத்துல ஓட்டுற வண்டி அழுக்காகும்னு ஒருத்தன் அழுதா, அவன்கிட்ட வாங்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"நோட்டுக்கு என்ன தெரியும் பசிலியா? வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு மாஸ்டருக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா மனசுக்கு நிம்மதி."

"அப்ப மனசுக்கு ஒரு கோப்பை சூடா சோளக் கஞ்சி வாங்கிக் குடு. வண்டிக்கு ஏன் கேக்கிற?"

அவளுடைய அண்ணன் ஃபகுந்தோ குறுக்கே விழுந்தான். வண்டிக்கு ஞானத்தகப்பன் அவன்தான். வண்டி எதுவென்றே தெரியாது. அதற்குள் கோட்டு போட்டு, மாலையும் காகிதத் துணுக்கும் சுமந்து வந்து நின்றான். "மாப்ளே, நீ கேளு. இவ சின்ன வயசுலயே இப்படித்தான். குருவானவர் ஆசீர்வாதம் பண்ணின தண்ணிய கொதிக்க வெச்சுக் குடிச்சவ!"

"அந்த வருஷம் நம்ம வீட்டுல வயித்துப்போக்கு வராதது எனக்கு மட்டும்தான்," என்றாள் பசிலியா.

மாஸ்டர் முதலில் சாம்பல் வண்டியைக் கூப்பிட்டார். கண்ணை மூடினார். ஏதோ முணுமுணுத்தார். பின்னால் கைநீட்டினார். அவருடைய தம்பி மனைவி அங்கே அடுப்பு வைத்து மாட்டிதயத்தைக் கம்பியில் குத்திச் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வியாபாரத்துக்கு நடுவே பாட்டில் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். மூடி திறந்தது. இரண்டு சொட்டு நுரை பாட்டில் கழுத்தில் வழிந்து நின்றது.

"ஐயோ!" என்றது கூட்டம்.

"செத்த வண்டி," என்றார் மாஸ்டர். "இதுல ஒரு அழுகை கேக்குது. சின்னப் பிள்ளை அழுகை."

சிப்ரியானோவின் முகம் வெளிறியது. பிள்ளை என்றதும் அவர் கால் தானாக ஓரடி பின்வாங்கியது. சந்தைக்கு வரும் குடும்பஸ்தனில் யாருக்குத்தான் பிள்ளை இல்லை?

அடுத்து வெள்ளை வண்டி. காலையிலிருந்து முப்பது பாட்டில் கொட்டிச் சேறாகிக் கிடந்த இடத்தில் முன் சக்கரம் இரண்டையும் இறக்கி ரெமிஹியோ அதை நிறுத்தினான். பின் சக்கரம் காய்ந்த சரளையில் நின்றது. மாஸ்டர் கைநீட்டினார், மூடி பறந்தது, நுரை அவர் தொப்பிக்கு மேலே எழும்பிக் கூட்டத்தின் மேல் தெளித்தது. சனம் கைதட்டியது. ஒரு அம்மாள் நனைந்த கையைத் தலையில் தடவிக்கொண்டாள். ஃபகுந்தோ மாலையோடு பாய்ந்தான்.

"வாங்கிரு மாப்ளே! நாலு கால் பாய்ச்சல்ல போகும்!"

சிப்ரியானோவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

"மாஸ்டரே," என்றாள் பசிலியா. "இதே வெள்ளை வண்டிக்கு இன்னொரு பாட்டில் திறங்க. பாட்டில மட்டும் நாங்க எடுக்கிறோம்."

"நம்பாத கை பட்டா நுரை செத்துரும்மா."

"என் கை வேணாம். என் வீட்டுக்காரர் எடுக்கட்டும். நம்புறதுல அவர மிஞ்ச இந்தச் சந்தையில ஆளில்ல."

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல மாஸ்டருக்கு வழியில்லை. சிப்ரியானோ, வெட்கத்தோடுதான், அடுப்புப் பக்கம் போனார். தம்பி மனைவி எழுந்திருக்க மறுத்தாள். "நானே தர்றேங்க, நானே தர்றேன்" என்று பாவாடையை இழுத்து மூடினாள். பாவாடைக்குக் கீழே, அடுப்பை ஒட்டி, ஒரு பெட்டி பாட்டில். அவளுக்கு மறுபக்கம் பனிக்கட்டித் தொட்டியில் இன்னும் கொஞ்சம் பாட்டில்.

சிப்ரியானோ பெட்டியில் ஒன்றைத் தொட்டார். காது விறைத்துப்போகும் எல் ஆல்டோ காற்றில் பாட்டில் இதமாகச் சுட்டது. தொட்டியில் ஒன்றைத் தொட்டார். விரல் மரத்தது.

ஒன்றும் தெரியாததுபோலத் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நிம்மதி அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் இந்த நிம்மதியோடுதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்குப் போகப்போகிறோம் என்பது உறைத்தது. தொட்டிப் பாட்டிலை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"இது வேணாம், வேற எடு," என்றார் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டரே? பாட்டிலா பேசுது, வண்டிதானே பேசுது?"

மூடி திறந்தது. நுரை முனகி வழிந்தது. பத்து நிமிடத்துக்கு முன் நாலு கால் பாய்ச்சலில் இருந்த வண்டி அதற்குள் செத்துவிட்டது!

"நம்பிக்கை குறைஞ்சா அப்படித்தான்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். சிப்ரியானோ கேட்கவில்லை. போய்ச் சூட்டுப் பாட்டில் ஒன்றை எடுத்தார், நாலு குலுக்கு குலுக்கினார், வெங்காயம் ஏற்றி நின்ற ஒரு தள்ளுவண்டிக்கு மேலே பிடித்துத் திறந்தார். நுரை வெங்காயத்தையும் வெங்காயக்காரியையும் குளிப்பாட்டியது.

"தள்ளுவண்டிக்கும் உயிர் இருக்கு மாஸ்டரே! நாலு சக்கரமும் இழுக்குமா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ரெமிஹியோ மட்டும் சிரிக்கவில்லை. "நுரை பொய்யாவே இருக்கட்டுங்க. என் வண்டி பொய்யா? பின்னாடி பாருங்க, எவ்வளவு பெருசா 4x4-ன்னு எழுதியிருக்கு!"

"எழுதினது இருக்கட்டும்," என்றாள் பசிலியா. "முன் சக்கரம் சேத்துல இருக்கு, பின் சக்கரம் காஞ்ச தரையில இருக்கு. பின்னது இழுத்தா வண்டி வெளிய வந்துரும். எடுங்க பாப்போம்."

"வண்டி அழுக்காயிரும்..."

"நான் கழுவித் தர்றேன்."

வேறு வழியில்லாமல் ரெமிஹியோ ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தான். முன் சக்கரங்கள் சுழன்றன. பீர்ச் சேறு வாரியடித்தது. மாஸ்டரின் கம்பளிப் போர்வை, தொப்பி, தாடி, ஒன்றும் தப்பவில்லை. பின் சக்கரம் இரண்டும் தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அசையாமல் நின்றன. இன்னும் மிதித்தான். வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது. நாலு பேர் சேர்ந்துதான் தள்ளி எடுத்தார்கள். அடுத்து அந்தச் செத்த சாம்பல் வண்டியை அதே சேற்றில் அதேபோல் இறக்கினார்கள். கால்நடை மருத்துவர் கியரை மாற்றினார். வண்டி அவசரமில்லாமல் வெளியே வந்தது.

சிப்ரியானோ சரளையில் முழங்கால் போட்டு வெள்ளை வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போக வேண்டிய ஷாஃப்ட் இல்லை. இருந்ததே இல்லை. ரெமிஹியோ வெறும் எழுத்தை ஒட்டி வைத்திருந்தான். எழுந்து நேரே மாஸ்டரைப் பார்த்துப் போனார்.

"என் பிள்ளை அழுகை கேக்குதுன்னு சொன்னியேடா!" என்று கத்தினார். "அழ வைக்கிற வண்டியத்தானேடா என் தலையில கட்டப் பாத்த! பாட்டிலுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவுன்னு ரெமிஹியோகிட்ட பங்கு பேசியிருப்பியே!"

மாஸ்டர் வருங்காலம் தெரிந்தவர் அல்லவா? அடி விழப்போவது தெரிந்து ஆள் நழுவிக்கொண்டிருந்தார். கழுத்துக்கட்டுக்காரர்தான் முதலில் துரத்தியவர். ரெமிஹியோ கதவைப் பூட்டிக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தான். ஃபகுந்தோ சத்தமில்லாமல் மாலையைக் கழற்றிச் சாம்பல் வண்டிக்குப் போட்டான். "எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்," என்றான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷம். சனம் லேசில் விடுமா? பத்து நிமிடத்தில் பசிலியாவைச் சுற்றி ஒரு வரிசை நின்றது. நனைந்த கையைத் தலையில் தடவிய அதே அம்மாள் முன்னால் வந்து குனிந்து கும்பிட்டாள்.

"நர்சம்மா, உங்க கை ராசியான கை. அந்த நோட்டால என் வண்டிய ஒரு தொடு தொட்டுட்டுப் போங்க தாயி. புண்ணியமாப் போகும்."

பின்னால் இன்னும் இருபது பேர் குனியத் தயாராக நின்றார்கள். சிப்ரியானோ மனைவியின் முகத்தைப் பார்த்தார். மாஸ்டரிடம்கூட அவள் அவ்வளவு கோபப்படவில்லை.

"குனியத் தெரியுதில்ல உங்களுக்கு?" என்றாள் பசிலியா. "இன்னும் ரெண்டு சாண் குனிஞ்சு வண்டிக்கு அடியில பாருங்க! கும்பிடக் குனிஞ்சு குனிஞ்சுதான் உங்க முதுகுமேல இத்தனை பேர் ஏறி உக்காந்திருக்கான்!"